அச்சிட்ட சாகசக் கதையைக் குழுவுக்கேற்ப மாற்றியமைத்தல்

பாத்திரமேற்பு விளையாட்டில், ஒரு பதிப்பகம் அச்சிட்டு விற்கும் சாகசக் கதையை அப்படியே நடத்தாமல், ஆடவிருக்கும் குழுவின் ஆள்கணக்கு, நேரம், விருப்பம், ஊர் ஆகியவற்றைப் பார்த்துத் திருத்திக்கொள்வது மாற்றியமைத்தல் எனப்படுகிறது. 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் அமெரிக்காவில் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' இவ்வகை விளையாட்டுகளின் முன்னோடி.

மேசையைச் சுற்றி நாலைந்து பேர் அமர்வார்கள். ஒருவர் நடத்துநர். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, அது என்ன செய்கிறது என்று வாயால் சொல்வார்கள். முடிவு ஐயமாக இருக்கும் இடத்தில் இருபது முகப் பகடை உருளும். நடத்துநர் கையில் உள்ள சாகசநூல் நாடகப் பிரதி போன்றதன்று. வரைபடம், அங்கே இருப்பவர்கள், அவர்களின் நோக்கம், நேரக்கூடிய ஆபத்து ஆகியவையே அதில் இருக்கும். ஆடுபவர்கள் என்ன பேசுவார்கள், எந்தப் பக்கம் திரும்புவார்கள் என்பது எழுதியவருக்குத் தெரியாது.

தெருக்கூத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது முற்றிலும் புதிதல்ல. வடதமிழகத்துக் கூத்தில் பாரதக் கதை மாறாது. ஆனால் கட்டியங்காரன் அந்தந்த ஊர் விவகாரத்தை நடுவில் இழுத்துவந்து, பழைய கதையை அன்றைய இரவுக்கு உரியதாக்கிவிடுவான். ஒரு வேறுபாடு உண்டு. துரியோதனன் சாவான் என்பது கூத்து பார்ப்பவர் எல்லாருக்கும் தெரியும். இந்த விளையாட்டில் முடிவு யாருக்கும் தெரியாது, தெரியவும் கூடாது. எனவே மாற்றியமைப்பவர் தொட வேண்டியது தொடக்கத்தையும் சூழலையும்தான். முடிவைத் தீர்மானித்து வைப்பது ஆடுபவர்களின் உரிமையைப் பறிப்பதாகும்.

நூலே விட்டுவைத்த இடங்கள்

கைகாக்ஸ் எழுதி 1980ஐ ஒட்டி வெளியான 'தி கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' இதற்கு நல்ல சான்று. எல்லைப்புறத்தில் ஒரு கோட்டை; நடந்தே போய்த் திரும்பும் தொலைவில் ஒரு பள்ளத்தாக்கு; அதன் சரிவுகளில் பல குகைகள்; குகைக்கு ஓர் அரக்கர் கூட்டம். கதை இவ்வளவுதான். ஆனால் கோட்டையில் உள்ள ஒருவருக்கும் ஆசிரியர் பெயர் வைக்கவில்லை. தளபதி, கொல்லர், சத்திரக்காரர் என்று தொழிலை மட்டும் சொல்லி நகர்ந்துவிடுகிறார். வரைபடத்தில் ஒரு குகையைக் குறித்து, உள்ளே என்ன இருக்கிறது என்பதை நடத்துநரே எழுதிக்கொள்ள விட்டுவிடுகிறார். ஆக, இந்த நூலைத் திருத்தாமல் நடத்தவே முடியாது. நூலில் உள்ளதை மாற்றுவது தவறு என்று தயங்கும் புதிய நடத்துநர்கள் கவனிக்க வேண்டியது இது.

ஆளும் நேரமும்

பெரும்பாலான சாகசநூல்கள் நான்கைந்து பேரைக் கருதி எழுதப்படுகின்றன. மூன்று பேர் மட்டும் ஆடினால் எதிரியின் வலிமையைக் குறைப்பதைவிட எண்ணிக்கையைக் குறைப்பது நல்லது. 2014இல் வந்த 'லாஸ்ட் மைன் ஆஃப் ஃபான்டெல்வர்' நான்கு கோப்ளின்கள் வழிமறிப்பதோடு தொடங்குகிறது. ஒவ்வொன்றும் சராசரியாக 5 புள்ளி சேதம் செய்யும். முதல் நிலை மந்திரவாதியின் உயிர்ப்புள்ளி 6 முதல் 8 வரை இருக்கலாம். இரண்டு அடியில் விழுந்துவிடுவார். மூன்று பேருக்கு இரண்டு கோப்ளின் போதும். தோற்றவர்களைக் கொல்லாமல், மயங்கிய நிலையில் கொள்ளையடித்துவிட்டுப் போகும்படி அந்நூலே சொல்கிறது. தோல்விக்குப் பிறகும் கதை தொடர வழி வைப்பது, பகடையில் ஏமாற்றுவதைவிட நேர்மையானது.

நேரம் இதைவிடப் பெரிய சிக்கல். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மூன்று ஷிப்டில் வேலை பார்ப்பவர்கள் ஒரு குழுவாகச் சேர்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இந்த வாரம் வந்தவர் அடுத்த வாரம் இரவு ஷிப்டில் இருப்பார். திருவள்ளூரில் இருப்பவர் ரயிலில் வருவதென்றால் சென்னைக்குப் போய் வேறு பாதைக்கு மாற வேண்டும். மாவட்டம் ஒன்றுதான், தண்டவாளம் வேறு. இத்தகைய குழுவுக்கு ஐம்பது வாரம் நீளும் அரசியல் கதை ஒத்துவராது. எல்லைக்கோட்டைக் கதை ஒத்துவரும். ஒவ்வொரு முறையும் கோட்டையிலிருந்து கிளம்பி, மூன்று மணி நேரத்தில் ஒரு குகையைப் பார்த்துவிட்டுக் கோட்டைக்கே திரும்ப வேண்டும் என்று ஒரு விதி வைத்தால் போதும். வராதவரின் பாத்திரம் சத்திரத்தில் காய்ச்சலில் படுத்திருக்கும்.

ஊரைக் கொண்டுவருதல்

பெயரை மட்டும் மாற்றுவது மாற்றியமைத்தல் ஆகாது. கேசிலைக் கோட்டை என்றும் நைட்டை வீரன் என்றும் மொழிபெயர்த்தாலும் கதை ஐரோப்பாவிலேயே நிற்கும். கோட்டை ஏன் அங்கே இருக்கிறது என்ற காரணம் மாறினால்தான் கதை இடம்பெயரும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் அதற்குத் தோதான இடம் பழவேற்காடு. டச்சுக்காரர்கள் 1613இல் அங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டினார்கள். அதன் சிதைவுகளும் டச்சுக் கல்லறைகளும் இன்றும் உள்ளன. அங்கிருந்து சோழமண்டலத் துணிகள் தென்கிழக்காசியாவுக்குப் போயின. துணியோடு அடிமைகளும் கப்பலேற்றப்பட்டார்கள். அந்தக் கடைசிச் செய்தி சாகசத்தின் அச்சையே திருப்பிவிடக் கூடியது. மூலநூலில் ஆட்கள் குகை அரக்கர்களிடம் சிறைப்பட்டிருப்பார்கள். இங்கே காணாமல் போனவர்கள் குகைக்குப் போகாமல் கோட்டைக் கிடங்கில் கப்பலுக்காகக் காத்திருக்கலாம். இது மூலத்துக்கு முற்றிலும் அன்னியமானதும் அல்ல. கோட்டைக்குள் எல்லாரோடும் சிரித்துப் பேசும் பூசாரி ஒருவர் உள்ளுக்குள் பகைவரின் ஆள் என்று கைகாக்ஸே ஒரு விதையைப் போட்டிருக்கிறார். அந்தப் பூசாரியை ஒரு துபாஷியாக மாற்றி, விதையை முளைக்கவிட்டால் போதும்.

குகைகளுக்குப் பூண்டி நீர்த்தேக்கத்தின் பக்கம் உள்ள குடியம் இருக்கிறது. கற்கால மனிதர் பயன்படுத்திய பாறைக்குகைகள் அவை. அருகே அத்திரம்பாக்கத்தில் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகளைக் கண்டெடுத்தார். அவ்விடத்தின் மிகப் பழைய கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு வயது கணிக்கப்பட்டுள்ளது. ஆனால் பழவேற்காட்டிலிருந்து குடியம் ஒரே நாளில் போய்த் திரும்பும் தொலைவில் இல்லை. மூலநூலின் தாளம், காயம்பட்டால் கோட்டைக்கு ஓடி மறுநாள் திரும்பி வருவது. தூரம் கூடினால் அது உடைந்து, தண்ணீர், அரிசி, கருவாடு, இரவுக்காவல் என்று பயணமே ஆட்டமாகிவிடும். வாரம் ஒருமுறை கோட்டைக்குத் திரும்ப வேண்டிய ஷிப்ட் குழுவுக்கு இது பொருந்தாது. அவர்கள் குகைகளைக் கற்பனையாக ஏரிக்கரைக்கே நகர்த்திக்கொள்ளலாம். புவியியல் தேர்வு எழுதப்போவதில்லை.

குகையில் இருப்பவர் யார்

மாற்றியமைப்பதில் மிகக் கவனம் வேண்டிய இடம் இதுவே. மூலநூலின் குகைகளில் இருப்பவை 'கூட்டங்கள்'. அங்கே போராடாத பெண்களும் குழந்தைகளும் இருப்பதாகவும் அந்நூல் குறிப்பிடுகிறது. நகரத்தார் ஆயுதத்தோடு போய், காட்டில் வாழ்வோரைக் கொன்று, பொருளை எடுத்துவருவதே வெற்றி. கற்பனை உலகில் பலர் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். அதே கதையைத் திருவள்ளூர் மண்ணில் இறக்கினால் குகைவாசிகள் யாரைப் போல் தோன்றுவார்கள்? இம்மாவட்டத்தில் இருளர் கணிசமாக வாழ்கிறார்கள். அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கற்சூளைகளிலிருந்தும் கொத்தடிமைத்தளையிலிருந்து மீட்கப்பட்டவர்களில் அவர்கள் பலர். நடத்துநர் நினைக்காவிட்டாலும், பாம்பும் மூலிகையும் அறிந்த காட்டுக்கூட்டம் என்று வர்ணித்த மறுகணம் மேசையில் உள்ளவர்கள் யாரை நினைப்பார்கள் என்பது தெளிவு. அந்த மேசையில் ஓர் இருளர் இளைஞரும் இருக்கக்கூடும்.

இது உள்ளூர்ச் சிக்கல் மட்டுமல்ல. 2016இல் வந்த 'கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்' சாகசத்தில் வரும் விஸ்தானி என்ற நாடோடிகள், ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றிய இழிவான எண்ணங்களைச் சுமப்பதாகக் கண்டனம் எழுந்தது. பதிப்பகம் 2020இல் அப்பகுதிகளைத் திருத்தியது. மாறாக, 2022இல் வந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடெல்' தொகுப்பில் மிமி மண்டல் எழுதிய சாகசம், வங்காள மரபை வெளியிலிருந்து வேடிக்கை பார்க்காமல் உள்ளிருந்து எழுதப்பட்டது.

பழவேற்காட்டுக் கதையில் தீர்வு எளிது. குகையில் இருப்பவர்கள் கோட்டைக் கிடங்கிலிருந்து தப்பியவர்கள். அவர்களைப் பிடித்துவரக் கோட்டை கூலி பேசுகிறது. கூலியை வாங்குவதா, மறுப்பதா, வாங்கிக்கொண்டு ஏமாற்றுவதா என்பது ஆடுபவர்கள் கையில். வரைபடம், பொறிகள், புதையல் ஆகியவற்றில் முக்கால் பங்கை அப்படியே வைத்துக்கொள்ளலாம். சண்டையே வேண்டும் என்பவர்களுக்குக் கோட்டைக் காவலர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் நடத்துநர் இதில் தனியாக முடிவெடுக்க வேண்டியதில்லை. அடிமை வணிகம், சாதி, குழந்தைச் சாவு போன்றவை கதையில் வரலாமா என்று முதல் நாளே குழுவிடம் கேட்டுவிடுவது வழக்கம். ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்பதில்லை.

பதிப்புரிமை

வீட்டுக்குள் நண்பர்களோடு ஆட வாங்கிய நூலில் கோடுபோட்டுத் திருத்திக்கொள்ள யாருடைய அனுமதியும் வேண்டாம். திருத்திய கதையைத் தமிழில் வெளியிட விரும்பினால் நிலைமை வேறு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளில் பெரும்பகுதி 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டது. மூலத்தைக் குறிப்பிட்டு அவற்றை மொழிபெயர்க்கலாம், விற்கவும் செய்யலாம். சாகசநூல்கள் அந்த உரிமத்தில் இல்லை.