இறப்பர் மலையில் ஓர் ஆய்வு வினா

யட்டியாந்தோட்டைக்கும் தெரணியகலைக்கும் இடைப்பட்ட மலைச்சரிவுகளில், வெயில் ஏறுமுன்னரே இறப்பர் மரப்பட்டையில் கத்தி இறங்கிவிடும். இது வெறும் பழக்கம் அன்று. இரவில் இலைகள் நீரை ஆவியாக இழப்பது குறைவு. ஆதலால் பட்டையினுள் ஓடும் பாற்குழாய்களின் வீக்கவமுக்கம் விடியற்காலையில் உச்சத்தில் நிற்கும். வெயில் ஏறி ஆவியுயிர்ப்பு மிகும்போது அவ்வமுக்கம் தளர்ந்து, சிரட்டையில் வடியும் பாலும் குறையும். வெட்டு இடமிருந்து வலமாகச் சரிந்து இறங்குவதற்கும் காரணம் உண்டு. பாற்குழாய்கள் செங்குத்தாக ஏறாமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுகின்றன. அச்சாய்வுக்குக் குறுக்காக விழும் வெட்டு கூடுதலான குழாய்களைத் திறக்கிறது. இவற்றையெல்லாம் கையறிவாகப் பெற்ற தாயின் பிள்ளை, தாவரத்தின் நீரோட்டத்தை உயர்தர வகுப்பில் கற்க வழியின்றிக் கலைப்பிரிவில் அமர்வதே சப்ரகமுவத் தோட்டங்களின் இன்றைய நிலை.

இலங்கைப் பாடசாலைகளின் வகைப்பாடு இந்நிலையை விளக்கும். அறிவியல் உட்பட உயர்தரப் பிரிவுகளை நடத்துவது 1ஏபி பாடசாலை. கலையும் வணிகமும் மட்டும் நடத்துவது 1சி. இரண்டாம் வகை, சாதாரண தரத்தோடு நின்றுவிடும். மூன்றாம் வகை தொடக்கக் கல்விக்கு உரியது. சப்ரகமுவ மாகாணத்தின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களிலுள்ள தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளுள் பெரும்பாலானவை கடைசி மூன்று வகைகளுள் அடங்கும். 1945இல் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கரா கொணர்ந்த இலவசக் கல்வி தோட்டத்தின் எல்லைக்கு வெளியே நின்றது. தோட்டப் பாடசாலைகளை அரசு முறையாகப் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1977இல்தான். இயற்பியலோ வேதியியலோ தமிழில் கற்க விழையும் மாணவர் அட்டனுக்கோ கொழும்புக்கோ பெயர வேண்டும். அதற்கு உறவினர் வீடு வேண்டும், இல்லையேல் விடுதிப் பணம் வேண்டும்.

இப்பின்னணியில் பன்னாட்டுப் பாடத்திட்டம் ஒன்றைப் பேசுவது பொருந்துமா எனச் சிலர் வினவக்கூடும். இன்டர்நேஷனல் பக்கலோரியட் அமைப்பு 1968இல் ஜெனீவாவில் நிறுவப்பட்டது. பதினாறு முதல் பத்தொன்பது வரை அகவையினருக்கான அதன் பட்டயத் திட்டம் இரண்டாண்டு நீள்வது. மாணவர் கற்பவை ஆறு பாடங்கள். அவற்றுள் மூன்றையேனும் உயர்நிலையில் கற்க வேண்டும். பாடத்துக்கு ஏழாக 42 புள்ளிகளும், அறிவின் இயல்பை ஆயும் ஒரு பாடத்துக்கும் 4000 சொற்களுக்கு மிகாத நீண்ட கட்டுரைக்கும் சேர்த்து மூன்று புள்ளிகளும், ஆக 45. இலங்கையில் இதனைக் கற்பிப்பவை கொழும்பின் ஓவர்சீஸ் பாடசாலை போன்ற, கட்டணம் மிக்க மிகச் சில நிறுவனங்களே. தோட்டத்துப் பிள்ளைக்கு அக்கதவு திறவாது. அதைத் திறக்குமாறு கோருவதும் என் நோக்கமன்று.

எனினும் அத்திட்டத்தில் கொள்ளத்தக்க ஒன்று உண்டு. அறிவியற் பாடம் ஒவ்வொன்றிலும் மாணவர் தாமே ஒரு வினாவை எழுப்பி, அளந்து, பிழையை மதிப்பிட்டு, 3000 சொற்களுக்குள் ஆய்வறிக்கை எழுதவேண்டும். இறுதி மதிப்பில் 20 விழுக்காடு அதற்கு உரியது. நமது உயர்தரத் தேர்விலோ ஆய்வுகூடச் செய்கையும் எழுத்து வினாவாகவே வருகிறது. குடுவையை ஒருமுறையும் தொடாதவர் குடுவையைப் பற்றி முழுப்புள்ளி பெறலாம். பலர் அவ்வாறே பெறுகின்றனர்.

அத்தகைய ஆய்வுக்கு விலைமிக்க கருவிகள் வேண்டியதில்லை என்பதற்கு இம்மலைகளே சான்று. இறப்பர்ப் பாலையே எடுத்துக்கொள்வோம். அதன் நுண்துணிக்கைகளைப் புரதமும் கொழுப்பும் கலந்த மென்படலம் சூழ்ந்துள்ளது. அப்படலத்தின் எதிர்மின்னேற்றத்தால் துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அதனாலேயே பால் திரளாது நிற்கிறது. போமிக்கமிலம் சேர்ந்ததும் மின்னேற்றம் தணிந்து துணிக்கைகள் ஒட்டித் திரளும். அமிலத்தின் செறிவை மாற்றினால் திரளும் நேரம் எவ்வாறு மாறும்? ஒரு கடிகாரமும் அளவுக்குவளையும் இருந்தால் அளந்துவிடலாம். தொழிற்சாலையில் பாலில் மிதக்கவிடும் மெட்ரோலக் என்னும் கருவிக்குள்ளும் இயற்பியல் இருக்கிறது. இறப்பர் நீரினும் அடர்த்தி குறைந்தது. ஆகவே இறப்பர் மிகுந்த பாலில் கருவி ஆழ அமிழும், நீர் கலந்த பாலில் மேலெழும். பாலில் நீர் கலந்தவர் அகப்படுவது இவ்விதியால்தான்.

இத்தகைய ஆய்வுகள் இம்மண்ணுக்குப் புதியனவும் அல்ல. விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து கொண்டுசென்ற இறப்பர் விதைகள் இலண்டனின் கியூ பூங்காவில் முளைத்து, 1876இல் நாற்றுகளாக இலங்கையின் எனரத்கொடைக்கு வந்தன. அந்நூற்றாண்டின் இறுதியில் ஜோன் பார்க்கின் என்ற ஆய்வாளர், மரத்தை மீண்டும் மீண்டும் காயப்படுத்தும்போது பால் பெருகுவதை இலங்கையிலேயே அளந்து காட்டினார். இன்று ஓர் உயர்தர மாணவரால் செய்ய முடியாத அளவுக்கு அச்சோதனை கடினமானதன்று.

இரத்தினபுரிப் பக்கம் போனால் வினா மண்ணுக்கடியிலிருந்து எழும். இல்லம் எனப்படும் சரளைப் படையைக் கூடையில் இட்டு நீரில் சுழற்றும்போது மணிக்கற்கள் அடியில் தங்குவானேன்? நீலமும் மாணிக்கமும் குருந்தக்கல்லின் வகைகள், அதாவது அலுமினியம் ஒட்சைட்டு. அதன் அடர்த்தி நீரைப்போல் நான்கு மடங்கு; உடன்கிடக்கும் படிகக்கல்லினதோ ஏறத்தாழ 2.65 மடங்கு. ஒரு விற்றராசும் நூலும் நீர்க்குவளையும் கொண்டு ஆர்க்கிமிடீசின் வழியில் கூழாங்கற்களை இனம்பிரித்துவிடலாம்.

இன்னொன்று உயிர்காக்கும் ஆய்வு. 2016 மே 17 அன்று கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவில் மலை சரிந்தது. அதே நாளில் புளத்கொகுபிட்டியத் தோட்டத்தின் லயன் குடியிருப்புகள் மீதும் மண் சரிந்து உயிர்களைக் கொண்டது. சரிவில் ஊறும் நீர் மண்துகள்களின் இடைவெளியில் அமுக்கத்தைக் கூட்ட, துகளுக்குத் துகள் உள்ள உராய்வு தளர்ந்து மண் நழுவுகிறது. தேசிய கட்டிட ஆய்வு நிறுவனம் 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழையை முதற்படி எச்சரிக்கையாகவும் 150 மில்லிமீற்றரை வெளியேறும் எல்லையாகவும் கொள்கிறது. மழைமானியை நாள்தோறும் பார்த்து, லயனின் பின்சரிவில் நீர் கசியும் இடங்களோடு ஒப்பிட்டு எழுதும் மாணவரின் ஏட்டுக்கு, அவ்வட்டாரத்தில் தேர்வுப்புள்ளியினும் பெரிய பயன் உண்டு.

தடைகளையும் மறைக்கலாகாது. நம் பல்கலைக்கழக நுழைவு இசட் புள்ளியால் முடிவாகிறது. ஒரு பாடத்தில் பெற்ற புள்ளியிலிருந்து அப்பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுத்துப் பெறுவது அது. ஆய்வறிக்கைக்கு ஆசிரியர் அனைவரும் இருபதுக்குப் பதினெட்டும் பத்தொன்பதும் வழங்கினால் அப்பகுதியில் விலகல் மிகக் குறையும். மாணவரை வரிசைப்படுத்துவது பழையபடி எழுத்துத் தாளாகவே இருக்கும். பன்னாட்டுத் திட்டம் இதற்கென மாதிரி அறிக்கைகளை வெளியாருக்கு அனுப்பி, ஆசிரியரின் மதிப்பீட்டைத் திருத்துகிறது. அவ்வேற்பாடு இன்றி அறிக்கையைப் புகுத்தினால் நகரத்துத் தனியார் வகுப்புகள் ஆயத்த அறிக்கைகளை விற்கும்.

மாவட்ட ஒதுக்கீடும் தோட்டத்தைக் காண்பதில்லை. பல்கலைக்கழக இடங்களில் 40 விழுக்காடு தீவளாவிய தகுதிக்கும், 55 விழுக்காடு மாவட்டங்களுக்கும், 5 விழுக்காடு பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கும் பகிரப்படுகின்றன. அப்பதினாறில் இரத்தினபுரி உண்டு, கேகாலை இல்லை. இரத்தினபுரியிலும் நகர்ப்புறப் பெரும் பாடசாலையின் மாணவரும் இறக்குவானைத் தோட்டத்து மாணவரும் ஒரே பட்டியலில் நிற்கின்றனர்.

ஒரு செல்வம் மட்டும் நம் பக்கம் இருக்கிறது. பன்னாட்டுத் திட்டத்தில் அறிவியலைத் தமிழில் எழுத இயலாது. இலங்கையின் உயர்தரத்திலோ இயற்பியல், வேதியியல், உயிரியல் அனைத்தையும் தமிழிலேயே எழுதலாம். அதற்குரிய கலைச்சொற்களைப் பல பத்தாண்டுகளாக அறிஞர் ஆக்கி அளித்துள்ளனர். வீக்கவமுக்கம் என்று எழுதும் மாணவர் அச்சொல்லைத் தாயிடம் விளக்கலாம். தாய் தன் வெட்டு நேரத்தைச் சொல்லி அதைத் திருத்தவும் கூடும். வேண்டியது, இரு மாவட்டங்களிலும் சில 1சி பாடசாலைகளையேனும் 1ஏபியாக உயர்த்துவதும், தமிழில் வேதியியலும் உயிரியலும் கற்பிக்கும் ஆசிரியரை அங்கே அமர்த்தி இருத்துவதும். ஆசிரியர் வருமுன்னர் ஆய்வுகூடம் கட்டித் திறப்புவிழா நடத்தும் வழக்கத்தை இம்முறையேனும் தலைகீழாக்கலாம்.