நெல் மூட்டை எப்போது கிளம்பும்? லாரி, ரயில் ஒப்பந்த விவரத்தை விவசாயியும் கேட்டுப் பெறலாம்

"கொள்முதல் நிலையத்தில் எடை போட்ட மூட்டைகள் நகரவே இல்லை. அதனால் புதிதாக எடை போட இடமில்லை என்கிறார்கள். லாரி வரவில்லை என்கிறார் பட்டியல் எழுத்தர். ரயிலில் வேகன் கிடைக்கவில்லை என்கிறார் லாரிக்காரர். குவித்த நெல்லுக்கு இரவும் பகலும் நாங்கள்தான் காவல். இந்த ஒப்பந்தங்களை யாருக்கு, என்ன வாடகைக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று நாங்கள் கேட்கலாமா?"

திருவையாறு வட்டாரத்தில் அறுவடை தோறும் எழும் கேள்வி இது. கேட்கலாம். யாரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு கேட்டால் பதிலும் கிடைக்கும்.

நெல் போகும் வழி

திருவையாற்றில் ரயில் நிலையம் கிடையாது. நம் கொள்முதல் நிலையங்களில் எடை போட்ட நெல் முதலில் லாரியில் ஏறுகிறது. சேமிப்புக் கிடங்குக்கோ, திறந்தவெளி சேமிப்பு மையத்துக்கோ, நேராகத் தஞ்சாவூர் ரயில் நிலைய கூட்ஸ் ஷெட்டுக்கோ போகிறது. அங்கிருந்து அரவைக்காக வெளி மாவட்டங்களுக்குச் சரக்கு ரயிலில் செல்கிறது.

ஆக, இரண்டு வண்டிகள், நடுவில் ஏற்றி இறக்கும் வேலை. இவற்றில் எது தடைப்பட்டாலும் கடைசியில் நிற்பது களத்து மேட்டில் உள்ள விவசாயி. மூட்டை நகராவிட்டால் இடம் காலியாகாது. இடம் இல்லாவிட்டால் எடை நடக்காது. எடை நடக்காவிட்டால் பணம் வராது.

2025-26 பருவத்துக்குத் தமிழக அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சாதாரண ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய். அதாவது 40 கிலோ மூட்டை ஒன்று ஏறக்குறைய ஆயிரம் ரூபாய். ஏக்கருக்கு 60 மூட்டை கண்டால் 60,000 ரூபாய் வெட்டவெளியில் கிடக்கிறது. ஒரு மழை போதும். ஈரப்பதம் வழக்கமான வரம்பான 17 சதவீதத்தைத் தாண்டிவிடும். 2025 அக்டோபரில் குறுவை நெல் டெல்டாவில் தேங்கி, நனைந்து, முளைவிட்டதை எல்லோரும் பார்த்தோம்.

அமெரிக்காவில் ஒரு விதி

அமெரிக்காவில் சரக்கு ரயில்கள் பெரும்பாலும் தனியார் கம்பெனிகளுடையவை. 1980-இல் வந்த ஸ்டேகர்ஸ் சட்டம், ரயில் கம்பெனியும் சரக்கு அனுப்புபவரும் தனிப்பட்ட முறையில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ள வழி செய்தது. அப்படிப் போடும் ஒப்பந்தத்தில் பெரிய வியாபாரிக்கு என்ன சலுகை கிடைத்தது என்று சிறிய வியாபாரிக்கோ விவசாயிக்கோ தெரியாது.

அதனால் வேளாண் விளைபொருளுக்கு மட்டும் ஒரு தனி விதி வைத்தார்கள். தானியம் ஏற்றும் ஒப்பந்தம் ஒவ்வொன்றின் சுருக்கத்தையும் அரசின் தரைவழிப் போக்குவரத்து வாரியத்தில் தாக்கல் செய்ய வேண்டும். அதன் முக்கிய நிபந்தனைகள் பொதுமக்கள் பார்வைக்குக் கிடைக்க வேண்டும். மற்ற சரக்குகளின் ஒப்பந்தங்களைத் தாக்கல் செய்யத் தேவையில்லை என்று 1995-இல் சட்டம் மாறியபோதும் தானியத்துக்கான விதியை விட்டுவைத்தார்கள். ஒப்பந்தம் இல்லாத சாதாரணக் கட்டணத்திலும், விளைபொருளுக்கும் உரத்துக்கும் உரியதை ரயில் கம்பெனிகள் வெளியிட்டாக வேண்டும்.

விலையை நிர்ணயிக்கும் இடத்தில் விவசாயி இல்லை. போக்குவரத்துச் செலவோ கடைசியில் விளைபொருள் தலையில்தான் விழுகிறது. ஆகவே கணக்கையாவது அவன் பார்க்கட்டும் என்பதே இதன் அடிப்படை.

நம் நாட்டு நிலைமை

நம் நாட்டில் ரயில் அரசுடையது. சரக்குக் கட்டணம் பொது விகிதப்படி அமைகிறது. ரயில்வே சட்டம், 1989-இன் 61-ஆவது பிரிவின்படி, சரக்கு ஏற்கும் ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்கான கட்டண விவரம் அடங்கிய புத்தகம் இருக்க வேண்டும். உரிய நேரத்தில் யார் வேண்டுமானாலும் கட்டணமின்றி அதைப் பார்க்கலாம். 70-ஆவது பிரிவு, எந்த ஒரு நபருக்கும் நியாயமற்ற சலுகை காட்டக் கூடாது என்கிறது.

எனவே நம் பகுதியில் ரயில் கட்டணம் மறைபொருள் அல்ல. நாம் பார்க்க வேண்டியது அதற்கு முன்னால் உள்ள லாரி வாடகையையும் ஏற்று இறக்குக் கூலியையும்தான். இவற்றில் லாரிப் போக்குவரத்து, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரிக் கொடுக்கும் வேலை.

இதற்குத் துணை நிற்கும் சட்டங்கள் இரண்டு. ஒன்று, தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டம், 1998. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பையும், யாருடையது ஏற்கப்பட்டது, மற்றவை ஏன் நிராகரிக்கப்பட்டன என்பதையும் ஒப்பந்தப்புள்ளி இதழில் வெளியிட இது வழி செய்கிறது. மற்றொன்று, தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. அதன் 4-ஆவது பிரிவு, யாரும் கேட்காமலேயே பல விவரங்களை அலுவலகங்கள் வெளியிட வேண்டும் என்கிறது. 6-ஆவது பிரிவின்படி நாமே கேட்டுப் பெறலாம்.

எப்படிக் கேட்பது?

லாரி, கிடங்கு, மூட்டை பற்றிய கேள்விகளை நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் தஞ்சாவூர் மண்டல அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். வேகன் பற்றிய கேள்விகள் தெற்கு ரயில்வேயின் திருச்சிராப்பள்ளிக் கோட்டத்துக்குப் போக வேண்டும். கட்டணம் 10 ரூபாய். மாநில அலுவலகத்துக்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். ரயில்வேக்கு அஞ்சல் ஆணை அனுப்பலாம். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் அதற்கான சான்று இணைத்தால் கட்டணம் இல்லை. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதத் தேவையில்லை.

"ஏன் தாமதம்?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஆவணத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்:

1. எங்கள் ஊர் கொள்முதல் நிலையத்துக்கான லாரிப் போக்குவரத்து ஒப்பந்ததாரர் யார்? ஒப்பந்தக் காலம் என்ன? ஒப்பந்த நகல் தேவை.

2. டன்னுக்கு, தூரவாரியாக ஏற்கப்பட்ட வாடகை எவ்வளவு?

3. குறித்த நாளில் லாரி அனுப்பாவிட்டால் என்ன அபராதம்? சென்ற பருவத்தில் எவ்வளவு வசூலிக்கப்பட்டது?

4. குறிப்பிட்ட இரு தேதிகளுக்கு இடையே நாள்தோறும் எடை போட்ட மூட்டை, வெளியே அனுப்பிய மூட்டை, இருப்பு எவ்வளவு?

5. ரயில்வேயிடம்: அதே நாள்களில் தஞ்சாவூரில் நெல் ஏற்ற எத்தனை வேகன் கேட்கப்பட்டது, எத்தனை தரப்பட்டது, ஏற்றும் தாமதத்துக்குக் கட்டணம் விதிக்கப்பட்டதா?

நான்காவது, ஐந்தாவது பதில்களை அருகருகே வைத்துப் பாருங்கள். வேகன் வந்த நாளில் மூட்டை வெளியே போகவில்லை என்றால் லாரிப் பக்கத்தைக் கேட்க வேண்டும். கேட்ட வேகன் வரவே இல்லை என்றால் ரயில்வேயைக் கேட்க வேண்டும். ஒருவர் மேல் ஒருவர் பழி போடுவதற்கு அப்போது இடமிருக்காது.

பதில் 30 நாளில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தியில்லாவிட்டாலோ அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன்பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. வணிக இரகசியம் என்று 8(1)(ஈ) பிரிவைக் காட்டி மறுத்தால், பொது நலன் பெரிதானால் கொடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்வதைச் சுட்டிக்காட்டுங்கள். மறைக்க வேண்டிய பகுதியை நீக்கிவிட்டு மீதியைக் கொடுக்க 10-ஆவது பிரிவில் இடமுண்டு.

எப்போது கேட்பது?

களத்தில் நெல் நனையும்போது எழுதும் மனு அந்த நெல்லைக் காப்பாற்றாது. அவசரத்துக்கு மண்டல அலுவலகத்தில் நேரில் முறையிடுங்கள். மாவட்ட ஆட்சியர் நடத்தும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் எழுத்து மூலம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். தகவல் மனு அடுத்த பருவத்துக்கான ஏற்பாடு. சம்பா, தாளடி அறுவடை பொங்கலுக்குப் பிறகு சூடுபிடிக்கும். நவம்பரில் மனு போட்டால் டிசம்பரில் பதில் கையில் இருக்கும். ஊருக்கு ஒருவர் போட்டால் போதும். நகலை உழவர் குழுவில் வைத்து எல்லோரும் படியுங்கள். குறைதீர் கூட்டத்தில் "லாரி வரவில்லை" என்று சொல்வதைவிட, "இந்தத் தேதியில் இத்தனை மூட்டை இருப்பு, ஒப்பந்தப்படி வர வேண்டிய லாரி இத்தனை, வந்தது இத்தனை" என்று ஆவணத்தோடு சொன்னால் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.