வீட்டு இணையத்துக்கும் பூட்டு வேண்டும்

காஞ்சியில் தறி ஓடும் வீடுகள் பலவற்றில் இன்று வைஃபையும் உள்ளது. புதுப் புட்டாவின் படம், வாங்குவோர் விலாசம், வங்கிக் கணக்கு யாவும் அதன் வழியே செல்கின்றன. சரிகையைப் பூட்டி வைக்கும் நாம் இவ்வழியைத் திறந்து விடலாகாது.

வைஃபை அலை சுவரோடு நிற்பதில்லை, தெருவுக்கும் எட்டும். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாதில் குண்டுகள் வெடிக்குமுன் வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவரது பூட்டில்லா வைஃபை வழியே சென்றதாகத் தெரியவந்தது. அவர் போலீஸ் விசாரணைக்கு உள்ளானார்.

அங்கத்தினர்கள் செய்ய வேண்டுவன:

முதலாவது, ரௌட்டருடன் வந்த நிர்வாகக் கடவுச்சொல்லை உடனே மாற்றுக.

இரண்டாவது, டபிள்யூ.பி.ஏ.3 முறையை, அஃதில்லையேல் டபிள்யூ.பி.ஏ.2 முறையைத் தேர்க. பழைய டபிள்யூ.இ.பி. பூட்டின் பலவீனம் 2001-லேயே வெளிப்பட்டுவிட்டது.

மூன்றாவது, வைஃபைக் கடவுச்சொல் நீண்டதாக இருக்கட்டும். பெயரோ தொலைபேசி எண்ணோ உதவாது. ஒரு வீட்டில் அதைத் தறிக்கு மேல் சுவரில் எழுதி வைத்திருக்கக் கண்டேன். வருவோர் எல்லோரும் படிக்கும் பூட்டு பூட்டாகாது.

நான்காவது, விருந்தினருக்குத் தனி இணைப்பு வைக்கலாம்.

ஐந்தாவது, ரௌட்டரின் மென்பொருளைப் புதுப்பித்து வருக. டபிள்யூ.பி.ஏ.2-இலும் 2017-இல் ஒரு குறை வெளிப்பட்டது. புதுப்பித்தலே அதற்கு மருந்து.

இத்தனை செய்தும், ஓ.டி.பி. எண்ணைப் பிறரிடம் சொன்னால் பயனில்லை. பணம் பறிபோனால் தாமதமின்றி 1930 எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒருவர் அறிந்ததை அண்டை வீட்டாருக்கும் சொல்வதே கூட்டுறவு.