கம்பியற்ற மேடை விளக்குகள்: தெரிவுக்குரிய அளவுகோல்கள்

நாடக அரங்கிலே ஒளியின் முதற்பணி நடிகனின் முகத்தைப் பார்வையாளனுக்குக் காட்டுவதாகும். எமது கூத்து மரபு, வட்டக்களரியிலே பந்தங்களின் ஒளியிலும் பின்னர் பெற்றோமாக்ஸ் விளக்கொளியிலும் அப்பணியை நிறைவேற்றிற்று. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் கூத்தினைப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தபோது மின்னொளியமைப்பும் அதன் உறுப்பாயிற்று. ஆயின், பாடசாலை மண்டபத்திலும் கோயில் வீதியிலும் நாடகமாடும் குழுக்களுக்கு மின்னிணைப்பு இன்றும் எளிதிற் கிட்டுவதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதையும் நாம் அறிவோம். இந்நிலையிற் பற்றரியால் இயங்கும் கம்பியற்ற விளக்குகள் பெருந்துணையாகலாம். சிறு குழுவொன்று அவற்றைத் தெரியுமிடத்து நோக்கவேண்டியவற்றை இங்கு எடுத்துரைப்போம்.

முதலாவது, பற்றரியின் கொள்ளளவு. இதனை உவாற்று-மணியிற் கணித்தல் வேண்டும். 120 உவாற்று-மணி கொண்ட பற்றரி, 40 உவாற்று விளக்கினை 3 மணிநேரம் எரிக்கும். பற்றரி முதுமையடைதலையும் கருதி அதன் முக்காற்பங்கையே, அதாவது இரண்டேகால் மணிநேரத்தையே, நம்புதல் தகும். பெட்டியின்மேற் குறிக்கப்படும் நீண்ட நேரம் பெரும்பாலும் ஒரு நிறம் மட்டும் எரியும் நிலைக்குரியது. எல்லா நிறங்களும் முழு வலுவில் எரியும் நேரத்தையே விற்பனையாளரிடம் வினவுதல் வேண்டும். ஒரே நாளில் இரு காட்சிகள் நிகழுமாயின் மீள மின்னேற்றுவதற்கான நேரமும் கணக்கிற் சேரும். பழுதுற்ற பற்றரியைத் தனியே மாற்றக்கூடிய அமைப்பே நெடுங்காலப் பயன் தருவது.

இரண்டாவது, நிறம். இவ்விளக்குகளில் ஒளிகாலும் இருவாயிகளே பயன்படுகின்றன. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்று மட்டும் கலந்து பெறும் வெண்ணொளியில் எம்மவரின் மாநிறத்தோல் சாம்பல் பூத்தாற்போலத் தோன்றும், ஒப்பனையும் பொய்த்துவிடும். ஆகவே இம்மூன்றுடன் மஞ்சட்செம்மையோ இளஞ்சூட்டு வெண்மையோ சேர்ந்த விளக்கையே முகவொளிக்குக் கொள்ளல் வேண்டும். வாங்குமுன் ஒருவரை அதன்முன் நிறுத்திப் பார்ப்பதே சிறந்த சோதனை.

மூன்றாவது, கற்றையின் விரிவு. 25 பாகைக் கற்றை 5 மீற்றர் தொலைவில் ஏறத்தாழ 2.2 மீற்றர் விட்டமுள்ள வட்டத்தையும், 45 பாகைக் கற்றை ஏறத்தாழ 4.1 மீற்றர் வட்டத்தையும் ஒளியூட்டும். தொலைவு இருமடங்காயின் ஒளிச்செறிவு நாலிலொன்றாகும். எனவே மண்டபத்தை அளந்தறியாது விளக்கின் உவாற்றை மட்டும் நோக்கி வாங்குதல் பயன்தராது.

நான்காவது, கட்டுப்பாடு. 1986இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட டீ.எம்.எக்ஸ். 512 முறையே இன்றும் உலகப் பொதுவழக்கு. மலிவான கருவிகள் இச்சைகைகளைப் பெரும்பாலும் 2.4 கிகாஏட்சு வானொலி அலைவழி அனுப்புகின்றன. கையடக்கத் தொலைபேசிகளின் வைபையும் அவ்வலைப்பட்டையையே நாடுகின்றது. மனித உடலும் அவ்வலைகளை உறிஞ்சுகின்றது. வெறும் மண்டபத்தில் ஒழுங்காயிருந்த சைகை, நிறைந்த அவையிலே தளரக்கூடும். அனுப்பும் கருவியைப் பார்வையாளரின் தலைக்கு மேலாக வைத்தல் நன்று. சைகை அறுந்தால் விளக்கு இருந்த நிலையிலேயே நிற்குமா, அணைந்துவிடுமா என்பதையும் முன்கூட்டியே சோதித்தல் வேண்டும். உச்சக் காட்சியில் மேடை இருண்டால் நடிகனின் உழைப்பனைத்தும் வீணாகும்.

ஐந்தாவது, அமைதி. விசிறியின் இரைச்சல் மெல்லுரையாடலைக் கெடுக்கும். விசிறியற்ற விளக்கே உரைநாடகத்துக்கு உகந்தது. ஒளி படிப்படியாகக் குறைந்து அணைகின்றதா, இறுதியிற் திடீரெனத் துள்ளி மறைகின்றதா என்பதும் நோக்கற்பாலது.

எண்ணிக்கை பற்றி ஒரு சொல். நடிகனின் இருமருங்கும் மேலிருந்து 45 பாகையில் ஒளி வீழவேண்டுமென 1932இல் ஸ்ரான்லி மக்கான்ட்லெஸ் வகுத்த நெறி சிறு குழுக்களுக்கும் பொருந்தும். மேடையை இடம், வலம் என இரு பகுதிகளாக்கினால் முகவொளிக்கு நான்கு விளக்குகள் போதும். உள்ள பணத்தில் எட்டு மலிந்த விளக்குகளை வாங்குவதிலும், மேற்கூறிய சோதனைகளிற் தேறிய நான்கினை முதலில் வாங்கி, வண்ணத்துக்கும் பின்னொளிக்குமுரியவற்றைப் பின்னர் சேர்த்துக்கொள்வதே அறிவுடைமை என்பது எமது துணிபு.