நண்பர் வண்டிக்கு வந்த அபராதச் சீட்டு

சங்கப் பணியின் நிமித்தம் ஊர் ஊராய்ச் செல்லும் நமக்குச் சொந்தத்தில் கார் கிடையாது. சென்ற ஆண்டு ஒரு திருமணத்திற்காக ஈரோட்டிலிருந்து சேலம் செல்ல வேண்டியிருந்தபோது, நூல் வியாபாரியான நண்பர் ஒருவர் தமது காரை மனமுவந்து கொடுத்தார். சென்றோம், வாழ்த்தினோம், திரும்பி வந்து சாவியை ஒப்படைத்தோம். பன்னிரண்டு நாட்கள் கழிந்தபின் அவருடைய கைப்பேசிக்கு இரண்டு அபராத அறிவிப்புகள் வந்தன. ஒன்று, சங்ககிரிக்கு அப்பால் வரம்பு மீறிய வேகத்தில் ஓட்டியதாக. மற்றொன்று, தலைக்கவசம் அணியாமல் ஓட்டியதாக! காரோட்டுபவர் தலைக்கவசம் அணிய வேண்டுமென்று எந்தச் சட்டமும் கூறவில்லை என்பதை வாசகர் அறிவர்.

நண்பரோ, "போகட்டும், நானே கட்டிவிடுகிறேன்" என்றார். அவருடைய பெருந்தன்மையை நாம் மதிக்கிறோம்; ஆனால் அவ்வாறு கட்டுவது பிழையென்று அவரைத் தடுத்தோம். பணம் கட்டுதல் என்பது குற்றத்தை ஒப்புக்கொண்டு சமரசம் செய்துகொள்வதாகும். தலைக்கவசக் குற்றத்திற்கு 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194டி பிரிவு ஆயிரம் ரூபாய் அபராதத்தோடு நில்லாமல், மூன்று மாத காலம் ஓட்டுநர் உரிமம் வைத்திருக்கும் தகுதியை இழப்பதையும் கூறுகிறது. நாள்தோறும் காரில் சந்தைக்குச் செல்பவர், செய்யாத குற்றத்தைத் தம் தலையில் ஏற்றுக்கொள்ளலாமா?

அறிவிப்பு அவருக்கு வந்ததற்குக் காரணம் எளிது. கருவி எடுத்த படத்தில் தெரிவது வண்டியின் எண். ஓட்டியவர் யாரென்று அதற்குத் தெரியாது. ஆதலின் பதிவுப் புத்தகத்தில் எவர் பெயர் உள்ளதோ அவருக்கே கடிதம் செல்கிறது. ஆயினும் வேகமாக ஓட்டிய குற்றம் ஓட்டியவரையே சாரும். அதற்காகத்தான் சட்டத்தின் 133-ஆம் பிரிவு, அதிகாரம் பெற்ற காவல் அதிகாரி கேட்டால் ஓட்டியவரின் பெயர், முகவரி, உரிம விவரம் ஆகியவற்றைத் தெரிவிக்கும் கடமையை வண்டிச் சொந்தக்காரர்மீது வைத்துள்ளது. ஆகவே வண்டி கொடுத்தவர் நம் பெயரைச் சொல்வது காட்டிக்கொடுப்பதன்று. இதை நாமே நண்பருக்கு எடுத்துக் கூற வேண்டியிருந்தது, அவர் கூச்சப்பட்டார்.

முதலில், வந்த செய்தி உண்மையானதுதானா என்று பார்த்தோம். அபராத அறிவிப்பு என்ற போர்வையில் மோசடிக்காரர்களும் செய்தி அனுப்புகின்றனர். எனவே செய்தியிலுள்ள இணைப்பைத் தொடாமல், அரசின் பரிவாகன் தளத்திற்கு நேரே சென்று வண்டி எண்ணைக் கொடுத்துத் தேடுவதே பாதுகாப்பு. தேடினோம், இரண்டும் அங்கே இருந்தன.

அடுத்து, படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். வேகக் குற்றத்தின் படத்தில் இருந்தது நண்பரின் காரேதான். நேரமும் இடமும் பொருந்தின. முகூர்த்தத்திற்குத் தாமதமாகிவிட்டதென்ற அவசரத்தில் விரைந்தோம் என்பதை மறுக்க நமக்கு மனமில்லை. இலகு ரக வண்டிக்கு 183-ஆம் பிரிவு ஆயிரம் முதல் இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அன்றே நம் கையிலிருந்து கட்டி, இரசீதை நண்பரிடம் கொடுத்தோம்.

மறுக்க நியாயமுள்ளவர்களுக்கு இவ்விடத்தில் சில சொற்கள். வேகமாகச் சென்றார் என்று ஒரே சாட்சி தம் கருத்தாகச் சொல்வதை மட்டும் கொண்டு ஒருவரைத் தண்டிக்க இயலாது. அக்கருத்துக்கு இயந்திரக் கருவியோ மின்னணுக் கருவியோ அளந்த அளவு ஆதாரமாக இருத்தல் வேண்டும். மேலும், அவ்விடத்திலேயே எச்சரிக்கப்படாதவருக்கு 14 நாட்களுக்குள் அறிவிப்போ, 28 நாட்களுக்குள் சம்மனோ சென்றிருக்க வேண்டுமென்று 209-ஆம் பிரிவு கூறுகிறது. இதற்குச் சில விலக்குகள் உண்டு. எனவே குற்றம் நடந்ததாகக் கூறப்படும் நாளையும், அறிவிப்பு கைக்கு வந்த நாளையும் குறித்து வைத்தல் நன்று.

இரண்டாவது படத்தில் இருந்தது ஒரு மோட்டார் சைக்கிள்! அதன் எண்ணின் கடைசி இலக்கம் மூன்று. நண்பர் காருக்கு எட்டு. தகட்டில் படிந்திருந்த சேறு மூன்றை எட்டாக்கிவிட்டது. அரசுத் தளத்திலேயே குறை தெரிவிக்கும் பகுதி உள்ளது. அதில் அபராதச் சீட்டின் எண், காரின் பதிவுப் புத்தகப் படி, காரின் முன்புறப் படம் ஆகியவற்றை இணைத்து, "படத்தில் உள்ளது இருசக்கர வண்டி, எங்களுடையது கார், கடைசி இலக்கத்தை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறோம்" என்று மூன்றே வரிகள் எழுதினோம். கோபச் சொற்களை எழுதத் தோன்றியது உண்மை, எழுதவில்லை. விண்ணப்பத்தைப் படிக்கும் எழுத்தர் அத்தவற்றைச் செய்தவர் அல்லரே.

மனு தள்ளுபடியானாலும் வழி அடைபடுவதில்லை. வழக்கு மெய்நிகர் நீதிமன்றத்திற்குச் சென்றால், அங்கே அபராதம் கட்டுவதற்கு மட்டுமன்றி, வழக்காட விரும்புவதாகத் தெரிவிப்பதற்கும் இடமுண்டு. அவ்வாறு தெரிவித்தால் வழக்கு வழக்கமான நீதிமன்றத்திற்கு மாற்றப்படும். சும்மா இருந்துவிடுவதுதான் தீது. நிலுவை நீடித்தால், பின்னர் வண்டியை விற்கும்போதோ பெயர் மாற்றும்போதோ இடையூறு நேரும். அந்த இடையூறும் இரவல் வாங்கியவருக்கன்று, கொடுத்தவருக்கே.

இரவல் வண்டியின் சாவியை வாங்குமுன் காப்பீடு நடப்பில் உள்ளதா என்று கேட்டுவிடுங்கள். காப்பீடில்லாத வண்டியை ஓட்டியவரும், ஓட்ட அனுமதித்தவரும் 196-ஆம் பிரிவின்படி குற்றவாளிகளே. முதன்முறைக்கு அபராதம் இரண்டாயிரம் ரூபாய், சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. வண்டியின் ஆவணங்களைக் கைப்பேசியில் மின்னணு வடிவில் காட்டலாமென்று 2018-இல் விதி திருத்தப்பட்டது. நண்பரின் ஆவணங்கள் நண்பரின் கைப்பேசியில்தானே இருக்கும்? ஆதலின் படிகளைக் கேட்டு வாங்கிச் செல்வதில் வெட்கமில்லை.

மூன்று வாரங்களில் இரண்டாவது அபராதம் ரத்தானதாகக் குறிப்பு வந்தது. அதன் படி ஒன்றை எடுத்து, காரின் பதிவுப் புத்தகத்தோடு சேர்த்து வைக்கும்படி நண்பரிடம் கொடுத்துவிட்டு வந்தோம்.