ஸ்டாண்டை விரிக்கும் முன்

திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால், செஞ்சி நெருங்குவதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. கூடையில் அள்ளிக் கொட்டியதுபோலப் பாறைகள் குவிந்த குன்றுகள், அவற்றின் தோளில் ஏறி இறங்கும் மதில், எல்லாவற்றுக்கும் மேலே ராஜகிரி. 2025 ஜூலையில் யுனெஸ்கோ, மராத்தியர்களின் ராணுவ வரலாற்றோடு தொடர்புடைய 12 கோட்டைகளை உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் மகாராஷ்டிரத்துக்கு வெளியே இருப்பது செஞ்சி மட்டுமே. “செஞ்சியை ஆவணப்படமா எடுக்கலாம்னு இருக்கோம் சார்” என்று விஸ்காம் மாணவர்கள் வந்து சொல்லும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது. அனுமதிக் கடிதம் யாருக்கு எழுதியிருக்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வருவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு ஊரில், வேறொரு பழைய சின்னத்தில், ஒரு மாணவர் குழுவோடு நானும் போயிருந்தேன். விடியற்காலை வெளிச்சத்துக்காக நான்கு மணிக்கே எழுந்து வந்த பிள்ளைகள். கேமரா ஸ்டாண்டை விரித்த இரண்டாவது நிமிடத்தில் காவலாளி வந்து நிறுத்தினார். பேச்சு முற்றி, ஒரு பெண்ணின் செல்போனை வாங்கி, அதில் இருந்த படங்களை அவர் எதிரிலேயே அழித்தார்கள். எது தங்கள் உரிமை, எது தங்கள் தவறு என்று அந்தப் பிள்ளைகளுக்கும் தெரியவில்லை, கூடப் போன எனக்கும் தெரியவில்லை. அன்று இரு தரப்பிலும் தவறு இருந்தது. அதைப் புரிந்துகொள்ளச் சட்டப் புத்தகத்தைத் தேடிப் படித்தேன். இந்தக் கட்டுரை அப்படிப் படித்ததிலிருந்து வருகிறது.

முதலில் இடம் யாருடையது என்று பாருங்கள். செஞ்சிக் கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, அதாவது மத்திய அரசின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குள் வருவது. உங்கள் ஊர்ச் சின்னம் மாநிலத் தொல்லியல் துறையுடையதாக இருந்தால் 1966-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம் பொருந்தும். கோயில் என்றால் அறநிலையத் துறை. ஒரே படத்தில் இரண்டு மூன்று அலுவலகங்கள் வந்துவிடும். செஞ்சியைப் படமெடுப்பவர்கள் அப்படியே மேல்மலையனூர் அங்காளம்மனையும் சேர்க்க ஆசைப்படுவார்கள். தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கொண்டுபோவதைத் தடை செய்யும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. கோட்டைக்கு வாங்கிய அனுமதிக் கடிதம் கோயில் வாசலில் செல்லாது. சின்னத்தின் வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையை நிதானமாகப் படித்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இனி ஸ்டாண்டு விஷயம். மத்தியச் சட்டத்தின் கீழ் 1959-இல் வந்த விதிகள், படமெடுப்பதை இரண்டாகப் பிரிக்கின்றன. ஸ்டாண்டும் சிறப்பு முன்னேற்பாடும் இல்லாமல் கையில் பிடித்த சிறிய கேமராவால் எடுப்பது ஒரு வகை. ஸ்டாண்டு வைத்து, ஏற்பாடுகளோடு எடுப்பது ‘படப்பிடிப்பு’. அதற்கு உரிமம் வேண்டும். எட்டு மில்லிமீட்டர் பிலிம் சுருள் ஓடிய காலத்தில் எழுதிய விதி இது. இன்று ஒரு செல்போன் திரைப்படத் தரத்தில் காட்சி பிடிக்கிறது. ஆனாலும் வாசலில் நிற்கும் காவலாளியின் கண் போவது அந்த மூன்று கால்களின் மேல்தான், அதற்குக் காரணமும் இந்த விதிதான். தனி அனுமதி இல்லாமல் கேமரா ஸ்டாண்டு, நாற்காலி, மேசை, பெரிய குடை, சாரம் எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. கேமராவோடு சேர்ந்து மின்னும் பிளாஷ் தவிர வேறு செயற்கை வெளிச்சமும் கூடாது.

அதே விதியில் இன்னொரு வரி இருக்கிறது, மாணவர்கள் அறியாமல் மீறுவது அதைத்தான். சின்னத்தின் மேல் தண்ணீர், எண்ணெய் போன்ற எதையும் பூசக் கூடாது. கல்வெட்டு எழுத்து கேமராவில் தெளிவாக விழவில்லை என்று பாட்டில் தண்ணீரைத் தெளிப்பதையும், சுண்ணக்கட்டியால் எழுத்தின்மேல் கோடு இழுப்பதையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. எழுத்து தெரிய வேண்டும் என்ற ஆர்வம்தான். ஆனால் சின்னத்துக்குச் சேதம் விளைவித்தால் இரண்டு ஆண்டுவரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு இடம் தருகிறது. காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது போனால், எழுத்து தானே நிழல் கட்டித் தெரியும்.

இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2018 ஜூலையிலிருந்து, அஜந்தா ஓவியங்கள், லே அரண்மனை, தாஜ்மகாலின் கல்லறைப் பகுதி ஆகிய மூன்றைத் தவிர, தொல்லியல் துறையின் சின்ன வளாகங்களில் பார்வையாளர்கள் புகைப்படம் எடுக்கலாம். எனவே கையில் கேமராவோடு செஞ்சிக் கோட்டையின் கல்யாண மகாலையோ களஞ்சியத்தையோ படமெடுக்கும் மாணவரைக் குற்றவாளிபோல நடத்த யாருக்கும் உரிமை இல்லை. கட்டடத்துக்குக் காப்புரிமைச் சிக்கல் வருமோ என்ற பயமும் வேண்டாம். பொது இடத்தில் நிலையாக நிற்கும் சிலைகளையும் கலைப்படைப்புகளையும் படத்தில் சேர்ப்பது மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், 52-ஆம் பிரிவில் தெளிவாகச் சொல்கிறது.

ட்ரோன் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 250 கிராமுக்குள் இருக்கும் குட்டி ட்ரோனை ஓட்ட விமானிச் சான்றிதழ் தேவையில்லை என்பது உண்மை. அதனால் கோட்டைக்கு மேலே பறக்கவிடலாம் என்று ஆகிவிடாது. தொல்லியல் துறையின் அனுமதி தனியாக வேண்டும், அந்த வானம் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று டிஜிட்டல் ஸ்கை தளத்திலும் பார்க்க வேண்டும். 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளை மீறினால் அபராதம் ஒரு லட்சம் ரூபாய்வரை போகலாம். கல்யாண வீடுகளுக்கு ட்ரோன் ஓட்டுபவரை வாடகைக்கு அழைத்துவந்து, “அவர் பார்த்துக்குவார்” என்று விட்டுவிடாதீர்கள். படம் உங்களுடையது என்றால் கேள்வியும் உங்களிடம்தான் வரும்.

அனுமதிக்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே விண்ணப்பியுங்கள். தொல்லியல் துறை இணையவழியாகவும் விண்ணப்பம் வாங்குகிறது. கல்லூரியின் முத்திரை பதித்த கடிதம், குழுவினர் பெயர், கருவிகளின் பட்டியல், நாள், நேரம், எந்தெந்தக் கட்டடம் என்ற விவரம் எல்லாம் இருக்கட்டும். ‘செஞ்சிக் கோட்டையில் படப்பிடிப்பு’ என்று மொட்டையாக எழுதினால் கோப்பு ஓரமாகப் போய்விடும். பதிலே வரவில்லை என்றால் சும்மா காத்திருக்க வேண்டாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டணத்தில், ‘என் விண்ணப்பத்தின்மீது எடுத்த நடவடிக்கை என்ன, இப்போது எந்த அலுவலரிடம் உள்ளது’ என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையம். கேள்வி போனதுமே கோப்பு நகர்ந்துவிடுவதும் உண்டு.

வாசலில் தகராறு வந்தால்? காவலாளி உங்களை நிறுத்தலாம், வெளியே போகச் சொல்லலாம், காவல் நிலையத்துக்குத் தகவல் தரலாம். உங்கள் போனைப் பிடுங்கித் திறந்து படத்தை அழிக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. காவல்துறை பொருளைக் கைப்பற்றினால் அதை மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். நீதிமன்றத்தில் மனு போட்டு இடைக்காலமாகத் திரும்பப் பெற வழி இருக்கிறது. எதை எடுத்தார்கள் என்ற பட்டியலை எழுத்தில் கேளுங்கள். புகார் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது இல்லாமல் நிலையத்தை விட்டு வராதீர்கள். வழக்குப் பதிய மறுத்தால் குற்ற நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவின் கீழ் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அன்று படங்களை இழந்த பெண் இதில் எதையும் செய்யவில்லை. செய்யலாம் என்று சொல்லித்தர அவள் பக்கத்தில் ஆள் இல்லை.

இதுவரை சொன்னது கல்லும் கதவும். என்னை அதிகம் கவலைப்பட வைப்பது மனிதர்கள்.

செஞ்சி என்றால் தேசிங்கு ராஜன் கதை இல்லாமல் படம் வராது. 1714-இல் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் படையோடு மோதி மாண்ட இளைஞனின் கதையை அந்த வட்டாரம் முந்நூறு ஆண்டாகப் பாடியும் ஆடியும் வைத்திருக்கிறது. இன்றும் தெருக்கூத்து உயிரோடு இருக்கும் மாவட்டம் அது. மாணவர்கள் ஒரு கூத்துக் கலைஞரைத் தேடிப் போவார்கள், “நாலு வரி பாடுங்க ஐயா” என்பார்கள், அவரும் தொண்டை நரம்பு புடைக்க அரை மணி நேரம் பாடுவார். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிடுவார்கள். அந்தக் குரல் யூடியூபில் ஏறும், யாரோ ஒருவர் எடுத்து ரீல்ஸ் போடுவார், வேறொருவர் மெட்டுக்குக் கீழே தாளம் சேர்த்து விற்பார். பாடியவருக்கு எதுவுமே தெரியாது.

பாட்டு பழையது, ஊருக்கே பொதுவானது என்பது சரிதான். ஆனால் அன்று அவர் பாடிய அந்த நிகழ்த்துதல் அவருக்குச் சொந்தம். காப்புரிமைச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு, நிகழ்த்துகலைஞருக்கு 50 ஆண்டுகளுக்கு உரிமை தருகிறது. கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் நேர்மையாகப் பதிவு செய்வதற்கு விலக்கு உண்டு. வகுப்பறையைத் தாண்டிப் படம் போகும் என்றால் எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, அவர் கையெழுத்திட்டுப் படத்தில் இடம்பெறச் சம்மதித்த பின்னும், வணிகப் பயன்பாட்டில் அவருக்கு ராயல்டி கேட்கும் உரிமை இருக்கிறது. இதை அவரிடம் சொல்வது மாணவரின் கடமை என்றே நான் நினைக்கிறேன்.

ஒப்புதல் தாள் தமிழில் இருக்க வேண்டும், எளிய தமிழில். ‘நான் பாடியதையும் பேசியதையும் இந்தப் படத்தில் சேர்க்கச் சம்மதிக்கிறேன். கல்லூரியிலும் விழாக்களிலும் இணையத்திலும் காட்டலாம். விற்பதென்றால் என்னிடம் மறுபடி கேட்க வேண்டும். படம் முடிவதற்குள் வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு’ என்ற அளவில் இருந்தால் போதும். அதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். அவர் “சரிப்பா” என்று சொல்வதையும் கேமராவில் பதியுங்கள். 18 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் படத்தில் பேசினால் பெற்றோரின் கையெழுத்து கட்டாயம். பெரியவர் பேசும் வேகத்தில் பங்காளி நிலத் தகராறையோ, ஊரின் சாதிச் சண்டையையோ பெயர் சொல்லிக் கொட்டிவிடுவார். படத்துக்கு அது ருசியாகத் தெரியும். அடுத்த பேருந்தில் நீங்கள் ஏறிப் போய்விடுவீர்கள், அவர் அந்தத் தெருவில்தான் இருக்க வேண்டும். அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள்.

தேசிங்கைப் பற்றி இன்னும் ஒன்று. கதைப்பாடலில் அவனுடைய உயிர்த்தோழன் ஒரு முஸ்லிம் வீரன். கோட்டைக்குள் வெங்கடரமணர் கோயிலும் இருக்கிறது, சாதத்துல்லா கானின் பள்ளிவாசலும் இருக்கிறது. பின்னணிக் குரல் எழுதும்போது மதச் சண்டையாகச் சுருக்கினால் வரலாறும் தவறும், கதையும் தவறும். வெறுப்பைத் தூண்டியதாக வழக்கு வரவும் வாய்ப்பு உண்டு. கதை எது, ஆவணம் எது என்று படத்துக்குள்ளேயே பிரித்துச் சொல்லுங்கள்.

இசைக்குச் சினிமாப் பாட்டை எடுக்காதீர்கள். மெட்டுக்கு ஒரு உரிமை, ஒலிப்பதிவுக்கு ஒரு உரிமை என்று இரண்டு இருக்கும், இரண்டும் உங்களிடம் இல்லை. உங்கள் சொந்தக் காட்சிக்கே யாராவது பொய்யாக உரிமை கோரினால் யூடியூபில் மறுப்புத் தெரிவிக்கலாம். படத்தில் நடித்த, பேசிய பெண்களின் முகத்தை யாராவது திரித்துப் பரப்பினால் 1930-க்கு அழைத்துச் சைபர் குற்றப் பிரிவில் பதியுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் எழுதுங்கள். இப்படிப்பட்ட படங்களைக் குறுகிய நேரத்துக்குள் நீக்க 2021-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் கட்டளையிடுகின்றன.

முடிந்த படம் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை யாரும் தொடக்கத்தில் கேட்பதில்லை, பரிசு கிடைத்த அன்று கேட்பார்கள். மாணவர் கல்லூரியின் ஊழியர் அல்லர். எனவே பாடத்துக்காக எடுத்தது என்பதாலேயே படம் தானாகக் கல்லூரிக்குப் போய்விடாது. பொறுப்பேற்று எடுத்தவரையே சட்டம் தயாரிப்பாளராகக் கருதுகிறது. உரிமையை மாற்றிக் கொடுக்க எழுத்து வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்கையின்போதோ போட்டிக்கு அனுப்பும்போதோ நீட்டப்படும் படிவத்தில் இந்தப் பத்தி எங்காவது இருக்கும், தேடிப் படியுங்கள். ஐந்து பேர் சேர்ந்து எடுத்தால் யார் பெயர் எங்கே வரும், பிரிந்தால் காட்சிகள் யாரிடம் இருக்கும் என்பதை ஒரு தாளில் எழுதி ஐவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள்.

படம் தயாரானதும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டு அந்தக் கூத்துக் கலைஞரின் வீட்டுக்குப் போங்கள். அவர் வீட்டில் கணினி இருக்காது, டிவியின் பின்பக்கத்தில் செருகிக் காட்டிவிட்டு வாருங்கள்.