மெதுவாக நடப்பவரோடு நடந்து பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மண்டைக்காடு புதூர் போன்ற கடற்கரை ஊர் பேரிடரைத் தாங்குமா என்று அறிய, முதலில் வலை பின்னும் பெரியவர்களின் பக்கத்தில் உட்கார வேண்டும். எந்த மாதம் கடல் எப்படி இருக்கும் என்று கேளுங்கள். ஆனி ஆடியில் கரை அரிக்கும். காற்றும் மழையும் இல்லாத கோடையில் கள்ளக்கடல் ஏறும்; தெற்கே வெகு தொலைவில் புயல் எழுப்பிய அலை, சொல்லாமல் வந்து இங்கே மோதுவது அது. 2024 மே மாதம், இதே மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் 5 பயிற்சி மருத்துவர்கள் இறந்தது அப்படியொரு நாளில்தான்.

அடுத்து, மணலில் கோலப்பொடியால் ஊரை வரையச் சொல்லுங்கள். பெண்கள் வரையட்டும். வீட்டுக்கு வீடு யார் படுக்கையில் இருக்கிறார், யார் பிள்ளைத்தாய்ச்சி, மீன் விற்கப் போனபின் பகலில் குழந்தைகள் யாரிடம் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அன்பியம் (பக்கத்து வீடுகள் சேர்ந்த தேவாலயக் குழு) வாரியாக எழுதினால் ஒரு வீடும் விடுபடாது.

பிறகு நடக்க வேண்டும். என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இதுவே முக்கியம். ஊரில் மிக மெதுவாக நடக்கும் பாட்டியை அழைத்துக்கொண்டு, கடலோர வீட்டிலிருந்து மேட்டுப்பகுதி வரை கடிகாரம் பார்த்து நடங்கள். எங்கே சந்து குறுகுகிறது, எங்கே வேலி மறிக்கிறது, எங்கே நீர் குறுக்கிடுகிறது என்று குறியுங்கள். சுனாமி வந்த 2004 டிசம்பர் 26 அன்று குளச்சல், கொட்டில்பாடு பக்கம் அலைக்குத் தப்பி ஓடியவர்களை ஏ.வி.எம். கால்வாய் மறித்தது. படகுப் போக்குவரத்துக்காகத் திருவிதாங்கூர் காலத்தில் வெட்டிய கால்வாய் அது. கடலுக்குத் தப்பியும் பலர் அதில் மூழ்கி இறந்தார்கள். அன்று கூடுதலாக ஒரு பாலம் இருந்திருந்தால் எத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்ற நினைப்பு இன்றும் வலிக்கிறது. தாண்ட முடியாத ஒவ்வொரு இடத்துக்கும் பாலமோ மாற்றுவழியோ கேட்டு ஊராட்சிக்கு எழுதுங்கள்.

எச்சரிக்கை வரும் வழியையும் சோதிக்க வேண்டும். கடல் எச்சரிக்கை தரும் ஐதராபாத்தின் இன்காய்ஸ் மையம் அனுப்பும் செய்தி இங்கே யார் கைக்கு வருகிறது? இரவு இரண்டு மணிக்குக் கோயில் மணி அடிப்பவர் யார், மைக்கின் சாவி யாரிடம்? கடலில் இருப்பவருக்கு எப்படிச் சொல்வது? 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்கப் போன விசைப்படகுகளுக்குச் செய்தி எட்டவில்லை. கரையில் இருந்தவர்கள் தங்கள் படகிலேயே தேடப் போனார்கள். அந்தத் துணிவும் கணக்கில் சேர வேண்டும்: நீந்தத் தெரிந்தவர்கள், ஓடும் வள்ளங்கள், சுயஉதவிக் குழுவின் சேமிப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள்.

கடைசியாக, மண்டைக்காடு கோயிலின் மாசிக் கொடைத் திருவிழாவின்போது இதே நடையை மீண்டும் நடங்கள். பகவதி அம்மனைக் காண இருமுடியோடு வருகிற பெண்களுக்கு இந்தச் சந்துகள் தெரியாது. கூட்டத்தில் எத்தனை நிமிடம் கூடுகிறது என்று பார்த்து, எந்த முனையில் யார் நின்று வழிகாட்டுவது என்பதைக் கொடியேற்றத்துக்கு முன்பே முடிவு செய்யுங்கள்.